குழுவாகச் செய்த வேலைக்கு ஆளுக்கு எத்தனை மதிப்பெண்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவாரூர் மாவட்டத்தில் உள்ள ஒரு கலை அறிவியல் கல்லூரியில் சுற்றுச்சூழல் கல்வித் தாளை நடத்துகிறேன். ஒவ்வோர் ஆண்டும் மாணவர்கள் குழுக்களாகப் பிரிந்து, தத்தம் ஊர் வாய்க்கால், குளம், ஆழ்துளைக் கிணறு ஆகியவற்றின் நீரை எடுத்துவந்து, அதில் கரைந்துள்ள உப்பின் அளவைப் பார்த்து, அறிக்கை எழுதித் தருகிறார்கள். வேலை நடக்கும் நாட்களில் எழாத கேள்விகள், அகமதிப்பீட்டுப் பட்டியல், அதாவது கல்லூரிக்குள்ளேயே ஆசிரியர் போடும் மதிப்பெண்களின் பட்டியல், அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும் நாளில் ஒன்றாக எழுகின்றன. மாணவர்களும் பெற்றோரும் உடன் பணிபுரியும் ஆசிரியர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே விடைகளோடு எழுதியிருக்கிறேன்.

இவ்வளவு சிக்கல் இருக்கும்போது தனித்தனியாகவே வேலை கொடுத்துவிடலாமே?

தனியாகச் செய்யக்கூடிய வேலையைத் தனியாகத்தான் கொடுக்க வேண்டும். ஒருவர் ஒரு மாலையில் எழுதி முடித்துவிடக்கூடிய கட்டுரையை நால்வருக்குக் கொடுத்தால், ஒருவர் எழுதுவார், மூவர் பெயர் சேர்ப்பார்கள். அங்கே குற்றம் மாணவர்களுடையதன்று, வேலையைக் கொடுத்தவருடையது. ஆனால் ஒரே வாய்க்காலின் தலைமடையிலும் நடுப்பகுதியிலும் கடைமடையிலும் ஒரே நாளில் நீர் எடுத்து ஒப்பிட வேண்டுமென்றால், ஒருவரால் ஒரே நேரத்தில் மூன்று இடங்களில் நிற்க முடியாது. ஒரு வேலைக்கு உண்மையாகவே நான்கு ஆட்கள் தேவைப்படுகிறார்களா என்று ஆசிரியர் முதலில் தம்மையே கேட்டுக்கொண்டால், பின்னால் வரும் மனக்கசப்பில் பாதி வராது.

குழு என்றால் எல்லாருக்கும் ஒரே மதிப்பெண் போடுவதுதானே சமத்துவம்?

பணிக்கு வந்த முதல் சில ஆண்டுகள் நானும் அப்படித்தான் போட்டேன். ஓராண்டு, ஐந்து பேர் கொண்ட ஒரு குழுவின் அறிக்கை மிக நன்றாக இருந்தது. ஐவருக்கும் 25-க்கு 22 கொடுத்தேன். பருவம் முடிந்த பிறகு, அந்தக் குழுவிலிருந்த ஒரு மாணவி வேறு ஏதோ கையொப்பத்துக்காக வந்தபோது, அந்த அறிக்கையின் ஐந்து இயல்களையும் தானே எழுதியதாகவும், மற்றவர்களில் இருவர் அது எதைப் பற்றியது என்றுகூடக் கேட்கவில்லை என்றும் சொன்னார். புகாராகச் சொல்லவில்லை, இனி குழு வேலை வந்தால் தனியாகச் செய்ய அனுமதி கிடைக்குமா என்று மட்டும் கேட்டார். நான் போட்ட ஒரே மதிப்பெண், உழைத்தவருக்கு உழைப்பின் மேலும், உழைக்காதவருக்கு மதிப்பெண்ணின் மேலும் இருந்த மதிப்பைக் கெடுத்துவிட்டது என்பதை அன்று உணர்ந்தேன்.

பலர் சேர்ந்து செய்யும்போது ஆளின் முயற்சி குறைவது மாணவர்களிடம் மட்டும் காணப்படும் குணமன்று. மாக்ஸ் ரிங்கல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர், கயிறு இழுக்கும் ஆட்களின் விசையை அளந்து 1913-இல் வெளியிட்ட கணக்கில், ஒருவர் தனியே இழுக்கும் விசையை 100 என்று கொண்டால், எட்டுப் பேர் சேர்ந்து இழுக்கும்போது ஆளுக்கு 49 அளவே தேறியது. கைகள் ஒரே கணத்தில் சேர்ந்து இழுக்காமல் போவதையே அவர் முதன்மைக் காரணமாகக் கருதினார். 1979-இல் பிப் லாட்டனே, கிப்ளிங் வில்லியம்ஸ், ஸ்டீபன் ஹார்கின்ஸ் ஆகிய மூவர், கைதட்டச் சொல்லியும் கத்தச் சொல்லியும் செய்த சோதனைகளில், மற்றவர்களும் உடன் கத்துகிறார்கள் என்று நம்பவைத்தாலே போதும், ஆள் தன் குரலைக் குறைத்துக்கொள்கிறார் என்று கண்டார்கள். எங்களுக்குப் பயன்படுவது அவர்கள் இரண்டு ஆண்டுகள் கழித்து வெளியிட்ட முடிவு: கூட்டமாகக் கத்தினாலும் தன் குரல் தனியே அளக்கப்படுகிறது என்று ஆளுக்குத் தெரிந்திருந்தால், அந்தத் தளர்ச்சி மறைந்துவிடுகிறது. ஆகவே தளர்ச்சிக்கு மருந்து அறிவுரை அன்று. ஒவ்வொருவர் வேலையும் தனியே கண்ணுக்குத் தெரியும்படி செய்வதே.

கண்ணுக்குத் தெரிவது என்பதில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். திருவாரூர் ஆழித்தேர் வீதியில் வரும்போது, வடம் பிடிக்கும் நூற்றுக்கணக்கானவர்களைத்தான் எல்லாரும் பார்க்கிறோம். சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டையைச் செலுத்தி அந்தப் பெரும் பாரத்தைத் திருப்பவும் நிறுத்தவும் செய்கிற சிலர் குனிந்தபடியே இருப்பதால் கண்ணில் படுவதில்லை. குழுவிலும் அப்படிச் சிலர் இருப்பார்கள். எல்லாரும் எழுதி முடித்த பிறகு எண்களைச் சரிபார்த்து, இரண்டு கிணறுகளின் அளவுகள் இடம் மாறியிருப்பதைக் கண்டுபிடித்த மாணவரின் வேலை, அறிக்கையில் ஒரு வரியாகக்கூட இருக்காது.

ஒரு குழுவில் எத்தனை பேர்? யார் பிரிப்பது?

நான்கு பேர். ஐந்தாமவர் வந்த உடனேயே வேலையில்லாத ஒருவர் உருவாகிவிடுகிறார் என்பது என் அனுபவம்; மூவராக இருந்தால், இருவர் ஒரு பக்கம் நின்றுவிட மூன்றாமவர் தனித்து விடப்படுகிறார்.

பிரிக்கும் பொறுப்பை ஆசிரியரே ஏற்க வேண்டும். மாணவர்களிடம் விட்டால், நன்றாகப் படிப்பவர்கள் ஒரு குழுவாகவும், ஒரே ஊர்க்காரர்கள் ஒரு குழுவாகவும், ஒரே சாதியினர் ஒரு குழுவாகவும் சேர்ந்துகொண்டு, எவரும் அழைக்காத நால்வர் கடைசியில் மிஞ்சுவார்கள். அந்த நால்வரின் முகத்தை ஒருமுறை பார்த்த பிறகு, இந்த வேலையை நான் மாணவர்களிடம் விடுவதில்லை. ஆனால் பேருந்துத் தடத்தை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்கிறேன். மாலைப் பேருந்தை விட்டால் வேறு வண்டியே இல்லாத ஊரிலிருந்து வருபவரை, நகரத்திலேயே தங்கியிருக்கும் மூவரோடு சேர்த்தால், அவர்கள் கூடும் நேரத்தில் அவரால் இருக்க முடியாது. பிறகு அவரைச் சோம்பேறி என்பார்கள்.

வேலையை எப்படிப் பிரித்துக் கொடுத்தால் பிற்பாடு சண்டை வராது?

‘நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லிவிட்டால், கையெழுத்து அழகாக இருக்கிறது என்று சொல்லி அறிக்கையை மாணவிகள் எழுதுவார்கள், சைக்கிளிலும் பைக்கிலும் மாணவர்கள் களத்துக்குப் போவார்கள். ஒடுக்கப்பட்ட குடியிருப்பிலிருந்து வரும் மாணவர், தன் தெருக் கிணற்றின் நீரை மட்டும் எடுத்துவரும் ஆளாக ஆக்கப்படுவார். இது நான் கண்ட ஒரு குழுவில் மட்டும் நடந்ததன்று. இவ்வளவையும் பார்க்காமல் மதிப்பெண்ணில் மட்டும் நியாயம் தேடினால், வேலையைப் பிரித்தபோதே நிகழ்ந்த அநியாயத்துக்கு எண் வடிவம் கொடுத்தவர்களாகவே ஆவோம்.

அதனால் களம், அளவீடு, எழுத்து, சரிபார்ப்பு என்று நான்கு பொறுப்புகளை வகுத்து, மூன்று வாரத்துக்கு ஒருமுறை அவற்றைச் சுழற்றுகிறேன். பன்னிரண்டு வாரத்தில் நால்வரும் நான்கையும் ஒருமுறை செய்திருப்பார்கள். தொடக்கத்தில் வேலை மெதுவாக நகரும். நீரில் கரைந்துள்ள உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரைப் பிடிக்கத் தெரியாதவர் பிடித்துப் பழகவும், நான்கு வரி எழுதத் தயங்குபவர் எழுதிப் பழகவும் அந்த மெதுவான நாட்கள்தான் இடம் கொடுக்கின்றன.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒருவர் முடித்தால்தான் அடுத்தவர் தொடங்க முடியும் என்று வேலை அமைந்திருந்தால், கடைசியில் இருப்பவரின் நிலை கடைமடை உழவரின் நிலைதான். மேலே தண்ணீர் தாமதமானதற்கு அவர் பயிர் காயும். நீர் எடுத்து வருபவர் பத்து நாள் தாமதித்துவிட்டு, அறிக்கை எழுதுபவரிடம் ஓர் இரவை மட்டும் மிச்சம் வைத்தால், அந்த அறிக்கையின் பிழைகளுக்கு எழுதியவரின் மதிப்பெண்ணைக் குறைப்பது நியாயமாகாது. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு தேதி குறித்து, அந்தத் தேதியில் எது கைமாறியது என்பதை நான் பார்த்துக் கையொப்பம் இடுகிறேன்.

அகமதிப்பீட்டின் 25 மதிப்பெண்ணை நீங்கள் எப்படிப் பிரிக்கிறீர்கள்?

பாரதிதாசன் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளில், தாளுக்கு அகமதிப்பீடு 25, பருவத் தேர்வு 75 என்பது பழகிய முறை. முழு 25-ஐயும் குழு வேலைக்கு ஒதுக்க எல்லாத் தாள்களிலும் இடமிருக்காது. விகிதத்தை எளிதாகச் சொல்ல 25-ஐயே எடுத்துக்கொள்கிறேன்: குழு சேர்ந்து தந்த அறிக்கைக்கு 10, ஒவ்வொருவரும் தனியே வைத்திருக்கும் பணிக்குறிப்பேட்டுக்கு 5, வாய்மொழித் தேர்வுக்கு 10. அதாவது ஐந்தில் மூன்று பங்கு ஆளுக்கு, இரண்டு பங்கு குழுவுக்கு.

பணிக்குறிப்பேடு என்பது சாதாரண நோட்டுதான். தேதி, போன இடம், செய்த வேலை, உடன் வந்தவர் யார், எது சரியாக வரவில்லை என்பவற்றை அன்றன்றே எழுத வேண்டும். வாரம் ஒருமுறை நான் சுருக்கொப்பமிடுவதால், கடைசி நாளில் ஒரே பேனாவில் பன்னிரண்டு வாரத்தையும் எழுதி நிரப்ப முடியாது. நடையழகுக்கு இதில் மதிப்பெண் இல்லை. ‘மதகு மூடியிருந்தது, நீர் இல்லை, திரும்பி வந்தோம்’ என்று எழுதியிருந்தால் அது முழு மதிப்பெண்ணுக்கு உரிய பதிவு.

வாய்மொழித் தேர்வில் ஒவ்வொருவரிடமும், தாம் செய்த பகுதியிலிருந்து ஒரு கேள்வியும், குழுவில் வேறொருவர் செய்த பகுதியிலிருந்து ஒரு கேள்வியும் கேட்கிறேன். வேலையைப் பங்கு போட்டுக்கொண்டு ஒருவர் பகுதியை மற்றவர் படிக்காமலேயே நூல் கோத்துக் கொண்டுவரும் வழக்கத்தை இந்த இரண்டாவது கேள்வி ஓரளவு நிறுத்தியிருக்கிறது. தமிழ்வழியில் படித்து வந்த மாணவர் தமிழிலேயே விடை சொல்லலாம் என்பதை முன்கூட்டியே அறிவித்துவிடுகிறேன். நீரைப் பற்றி அவருக்கு என்ன தெரியும் என்பதுதான் அங்கே கேள்வி.

மாணவர்களே ஒருவருக்கொருவர் போடும் மதிப்பெண்ணைக் கணக்கில் சேர்ப்பது எப்படி?

குழு அறிக்கைக்கான 10 மதிப்பெண்ணில் மட்டும் அதைப் பயன்படுத்துகிறேன். ஒவ்வொருவரும் மற்ற மூவருக்கும் இரண்டு கேள்விகளுக்கு 5-க்கு இத்தனை என்று போட வேண்டும்: ஒப்புக்கொண்ட வேலையை ஒப்புக்கொண்ட நாளில் செய்தாரா? மற்றவர் வேலைக்குக் கைகொடுத்தாரா? ஒவ்வோர் எண்ணின் பக்கத்திலும் ஒரு வரியில் காரணம் எழுத வேண்டும்.

ஒரு குழுவின் அறிக்கைக்கு நான் 8 கொடுத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். நால்வரும் மற்றவர்களிடம் பெற்ற சராசரிகள் 4.5, 4, 4.5, 3. இந்த நான்கின் சராசரி 4. ஒவ்வொருவரின் சராசரியையும் இந்த 4-ஆல் வகுத்து, 8-ஆல் பெருக்கினால், அவர்களுக்குக் கிடைப்பவை 9, 8, 9, 6. கூட்டிப் பாருங்கள், 32 வரும். ஆளுக்கு 8 என்று போட்டிருந்தாலும் 32-தான். குழுவின் வேலைக்கு நான் கொடுத்த மதிப்பு மாறவில்லை, உள்ளே பங்கு மட்டும் மாறியிருக்கிறது.

இந்தக் கணக்கில் எனக்குப் பிடித்தது, ‘எல்லாருக்கும் 5 போட்டுக்கொள்ளலாம்’ என்று நால்வரும் பேசிவைத்துக்கொண்டாலும் ஒரு மதிப்பெண்கூட ஏறாது என்பதுதான். எல்லாருடைய சராசரியும் 5, குழுவின் சராசரியும் 5, ஆகவே ஆளுக்கு அதே 8. மேலும் கீழுமாகக் கால் பங்குக்கு மேல் மாற விடுவதில்லை. 10-ஐத் தாண்டவும் விடுவதில்லை.

நட்பு, பகை, சாதி இவற்றால் அந்த எண்கள் கெட்டுப்போகாவா?

கெட்டுப்போகும். அதனால்தான் அவற்றை 10 மதிப்பெண்ணுக்குள் அடைத்து வைத்திருக்கிறேன், அதனால்தான் காரணம் எழுதச் சொல்கிறேன். ‘சரியில்லை’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது காரணமன்று. ‘அக்டோபர் முதல் வாரம் மூன்று கிணற்றுக்குப் போக ஒப்புக்கொண்டு ஒன்றுக்குத்தான் போனார்’ என்பது காரணம், ஏனென்றால் அதை நான் பணிக்குறிப்பேட்டில் போய்ப் பார்க்க முடியும்.

மூவரில் இருவர் 4-உம் 5-உம் கொடுத்த ஒருவருக்கு மூன்றாமவர் மட்டும் 1 கொடுத்திருந்தால், அந்த எண்ணை நான் அப்படியே கூட்டுவதில்லை. கொடுத்தவரைத் தனியே அழைத்துக் கேட்கிறேன். சில நேரம் அவர் ஒருவர் மட்டுமே உண்மையைச் சொல்லியிருப்பார், மற்ற இருவரும் நண்பரைக் காப்பாற்றியிருப்பார்கள். சில நேரம் பழைய பகை. மூவருமே ஒருவரைத் தாழ்த்தியிருந்தால், நான் இன்னும் கூடுதலாக நின்று பார்க்கிறேன். மூவர் ஒரே தெரு, ஒருவர் வேறு தெரு என்றால், அவருடைய குறிப்பேடு முழுவதும் நிறைந்திருந்து வாய்மொழித் தேர்விலும் தெளிவாகப் பேசினார் என்றால், அந்த மூன்று தாள்களையும் ஒதுக்கிவைத்துவிட்டு, அவருக்குக் குழுவின் மதிப்பெண்ணை முழுதாகக் கொடுக்கிறேன். மாணவர்கள் போடும் எண் ஒரு சாட்சியம், தீர்ப்பு ஆசிரியருடையது. தீர்ப்பின் பாரத்தை மாணவர்கள் தலையில் இறக்கிவைத்துவிட்டு, ‘உங்கள் நண்பர்களே போட்டார்கள்’ என்று ஒதுங்கிக்கொள்ளும் உரிமை எனக்கு இல்லை.

யார் யாருக்கு எவ்வளவு போட்டார் என்பதை வெளியிடுவதில்லை. அவர்கள் ஒரே பேருந்தில் ஊர் திரும்ப வேண்டியவர்கள்.

ஒருவர் ஒன்றுமே செய்யவில்லை என்று மற்ற மூவரும் சொல்கிறார்கள். அவர் பெயரை நீக்கிவிடலாமா?

முதலில் அவர் செய்யவில்லையா, அவரைச் செய்யவிடவில்லையா என்று பார்க்க வேண்டும். எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன். மூன்று கூட்டங்களுக்கு வரவில்லை என்று ஒரு மாணவரைப் பற்றி மற்றவர்கள் எழுதியிருந்தார்கள். நானும் குறைத்து மதிப்பெண் போட்டுவிட்டேன். பட்டியலில் கையொப்பமிட வந்தவரிடம் காரணம் கேட்டபோது, கூட்டம் நடந்ததே தமக்குத் தெரியாது என்றார். குழு, வாட்ஸ்அப்பில் நாள் குறித்திருந்தது. அவர் கொடுத்திருந்த எண் அவருடைய அப்பாவின் கைபேசி. அப்பா அறுவடை வண்டியோடு வெளியூர் போயிருந்தார். அந்த மாணவர் தானாகவே போய் எடுத்துவைத்திருந்த ஆறு கிணறுகளின் அளவுகள் அவர் நோட்டில் இருந்தன, குழுவில் எவரும் அவற்றைக் கேட்கவே இல்லை. மதிப்பெண்ணைத் திருத்தினேன். அதற்குப் பிறகு, கூட்டம் எப்போது என்பதை வகுப்பில் கரும்பலகையில் எழுதாமல் நடந்த எந்தக் கூட்டத்தையும் நான் கணக்கில் எடுப்பதில்லை.

விசாரித்த பிறகும் அவர் உண்மையாகவே செய்யவில்லை என்றால், அதைப் பருவத்தின் பாதியிலேயே கண்டுபிடிக்க வேண்டும். ஆறாம் வாரத்தில் நோட்டு வெறுமையாக இருந்தால் அழைத்துப் பேசி, எந்தப் பொறுப்பை எந்தத் தேதிக்குள் முடிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுக்கிறேன். அதன் பின்னும் செய்யாதவருக்கு, அறிக்கைக்கான 10-இல் பங்கில்லை. தனியே ஒரு சிறு பணி தந்து மீதி 15-க்கு மட்டும் மதிப்பிடுகிறேன். கடைசி நாளில் பெயரை அடித்துவிடுவது எளிது, ஆனால் அதுவரை நாமும் பார்த்துக்கொண்டுதானே இருந்தோம்.

என் வகுப்பில் அறுபது பேர். இதற்கெல்லாம் நேரம் எங்கே?

அறுபது பேர் என்றால் பதினைந்து குழுக்கள். குழுவுக்கு இருபது நிமிட வாய்மொழித் தேர்வு என்றால் மொத்தம் ஐந்து மணி நேரம். ஐந்து வகுப்பு வேளைகளில் முடிந்துவிடும். வாராந்தரச் சுருக்கொப்பத்தை, மாணவர்கள் குழுவாக உட்கார்ந்து வேலை செய்யும் வேளையிலேயே சுற்றிவந்து போட்டுவிடலாம். அறுபது பேரின் தனித்தனி அறிக்கைகளைத் திருத்தும் நேரத்தோடு ஒப்பிட்டால் இது கூடுதல் இல்லை.

நடவு, அறுவடை, மழை விடுமுறை என்று வராமல் போகும் மாணவர்களை எப்படி மதிப்பிடுவது?

டெல்டாவில் கல்லூரி நாட்காட்டியும் வயல் நாட்காட்டியும் ஒன்றன் மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. குறுவை அறுவடையும் சம்பா நடவும் நெருங்கி வரும் நாட்களில், வீட்டில் ஆள் போதாமல் மாணவர்கள் வயலில் நிற்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு மாவட்ட நிர்வாகம் விடுமுறை விடுகிறது. சம்பா அறுவடை தை மாதம். இவை எதிர்பாராத இடையூறுகள் அல்ல. வடகிழக்குப் பருவமழை வரும் என்று தெரிந்தே, நவம்பர் நடுவில் இறுதித் தேதியை வைப்பது ஆசிரியரின் தவறு.

2018 நவம்பர் 16-ஆம் நாள் அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது, அந்தப் பகுதியிலிருந்து வந்த மாணவர்களுக்கு வீட்டுக் கூரையே இல்லாமல் போயிற்று. நீர் மாதிரிகளையும் நோட்டுகளையும் பற்றி யாரும் அவர்களிடம் கேட்டிருக்க முடியாது, கேட்டிருக்கவும் கூடாது. அந்த நாள் வரை நான் சுருக்கொப்பமிட்ட வாரங்களை மட்டும் கொண்டு மதிப்பிட முடிந்தது. வாரந்தோறும் ஒப்பமிடும் பழக்கத்துக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு. வயல் வேலைக்காக வராதவருக்கும் அதே வழிதான்: வராத நாளைக் கழிப்பதில்லை, அவர் வேறு நாளில் செய்த வேலையைச் சேர்க்கிறேன். சொந்த வயல் வாய்க்காலிலேயே நீர் எடுத்து அளந்து வந்தால், அதுவும் களப்பணிதான்.

என் மகள் குழு வேலை முழுவதையும் தானே இரவு விழித்துச் செய்கிறாள். நான் வந்து பேசலாமா?

தாராளமாக வரலாம். ஆனால் முதலில் மகளையே ஆசிரியரிடம் சொல்லச் சொல்லுங்கள், அதுவும் பருவத்தின் தொடக்கத்திலேயே. பல மாணவிகள், மற்றவர் செய்தால் மதிப்பெண் குறைந்துவிடுமோ என்ற அச்சத்தில் வேலையைத் தாமே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். மற்றவர்களின் வாய்ப்பும் அதனால் போகிறது. என் முறையில், நால்வர் வேலையை ஒருவர் செய்தால் அவருக்குப் பெரிதாகக் கூடுதல் எதுவும் கிடைக்காது என்பதை மென்மையாக எடுத்துச் சொல்லுங்கள்.

பள்ளி வகுப்புகளுக்கும் இது பொருந்துமா?

தமிழ்நாட்டில் 2012-13 கல்வியாண்டில் 1 முதல் 8-ஆம் வகுப்பு வரை முப்பருவ முறையோடு வந்த முழுமையான தொடர் மதிப்பீட்டில், வளரறி மதிப்பீட்டுக்கு (பருவம் நடக்கும்போதே செய்வது) 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு (பருவ இறுதித் தேர்வு) 60 என்று வகுத்தார்கள். வளரறி மதிப்பீட்டில் குழுச் செயல்பாடுகளுக்கு நல்ல இடம் இருந்தது. கூடவே, கடையில் வாங்கிய சார்ட்டும் பெற்றோர் செய்த மாதிரிகளும் வகுப்புக்குள் வந்தன. சிறு வகுப்புகளில், வேலை முழுவதும் வகுப்பறையிலேயே, ஆசிரியர் கண் முன்னாலேயே நடந்தால் போதும். சிறுவர்களை ஒருவருக்கொருவர் எண் போடச் சொல்வதை நான் பரிந்துரைக்கமாட்டேன். ‘இன்று உனக்கு யார் உதவினார்?’ என்று கேட்டு எழுதிக்கொண்டால், தேவையானது கிடைத்துவிடும்.

போட்ட மதிப்பெண் சரியில்லை என்று மாணவர் நினைத்தால் என்ன செய்ய வேண்டும்?

பட்டியலைப் பல்கலைக்கழகத்துக்கு ஏற்றுவதற்கு ஒரு வாரம் முன்பே வகுப்பில் ஒட்டிவிடுகிறேன். 10, 5, 10 என்ற மூன்று பகுதிகளும் தனித்தனியே அதில் இருக்கும். ஐயம் உள்ளவர் தம் பணிக்குறிப்பேட்டோடு வர வேண்டும். எந்த வாரத்து வேலை விடுபட்டது என்று அதில் காட்டினால் அங்கேயே திருத்துகிறேன். குழுவில் மற்றவர்களின் மதிப்பெண் அதனால் குறையாது. தனியே வந்து பேசத் தயங்குபவர், ஒரு தாளில் எழுதி மேசையில் வைத்துவிட்டுப் போகலாம். அந்தப் பருவத்து நோட்டுகளை, அடுத்த பருவத்து முடிவுகள் வரும்வரை நான் அலமாரியில் வைத்திருக்கிறேன்.